மச்சானின் மின்னூலுக்கு நான் சொன்ன விலை

என் வாப்பா நெல் வாங்கி விற்றவர். நாவிதன்வெளிப் பக்கத்து வயல் வட்டைகளில் அறுவடை முடிந்ததும் அவர் மூட்டை பார்க்கப் போவார். அவருடைய இடுப்பு வாரில் ஒரு குத்தூசி செருகியிருக்கும். ஒரு முனை கூராகவும் உடல் நெடுகப் பள்ளமாகவும் அமைந்த இரும்பு அது. மூட்டையின் நடுவயிற்றில் அதைக் குத்தி இழுத்தால் பள்ளத்தில் ஒரு பிடி நெல் வந்து நிற்கும். அதை உள்ளங்கையில் கொட்டி, வாயால் ஊதிப் பதரைப் பறக்கவிட்டு, ஒரு மணியைப் பல்லிடையே வைத்துக் கடிப்பார். முறிகிற ஓசை கேட்டால் காய்ந்த நெல், நசுங்கினால் ஈரம். மூட்டையின் வாயைத் திறந்து மேலே கிடப்பதைப் பார்த்து அவர் ஒருநாளும் விலை பேசியதில்லை. விலை பேசி முடிந்து காசு கைமாறிய பிறகு, விற்றவரின் முகத்தைப் பார்த்து, "பொருத்தமா?" என்று கேட்பார். அவர் "பொருத்தம்" என்பார். வாப்பாவும் தன் பங்குக்கு "பொருத்தம்" என்பார். இருவர் மனமும் குறையின்றி இணங்கியது என்பதற்கு அந்த ஒரு சொல்லே சாட்சி. அதைக் கேட்காமல் அவர் வண்டியில் மூட்டை ஏற்றவிடமாட்டார்.

நான் நெல் வியாபாரத்துக்குப் போகவில்லை. கல்முனையிலும் அதன் அயலிலும் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றேன். ஆயினும் எந்தப் புத்தகத்தையும் முதற்பக்கத்தில் தொடங்க எனக்குக் கை வந்ததில்லை. நடுவில் திறந்து ஓரிரு பக்கம் வாசித்த பின்னரே முன்னால் போவேன். அது குத்தூசியின் பழக்கம் என்று என் மனைவி சொல்வாள்.

கண்ணில் மங்கல் விழுந்த பிறகு அச்சுப் புத்தகங்கள் என்னைவிட்டு மெல்ல விலகத் தொடங்கின. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் புகழ் பாடும் பழைய நூல்கள் எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. விருத்தங்களும் கண்ணிகளும் முனாஜாத்து என்னும் இறைவேண்டல்களும் பொடியெழுத்தில் நெருக்கி அச்சிடப்பட்ட நூல்கள் அவை. மனனமாக இருப்பவற்றை ஓதிக்கொள்ளலாம். மறந்தவற்றை எங்கே தேடுவது? இந்த வருத்தத்தை அறிந்த மகள் கையடக்கக் கணினி ஒன்று, டெப், வாங்கித் தந்தாள். விரல் இரண்டை வைத்து விரித்தால் எழுத்துப் பெருக்கிறது என்று அவள் காட்டியபோது என் வாய் தானாகவே அல்ஹம்துலில்லாஹ் என்றது. இதற்கெல்லாம் நன்றி சொல்ல ஒரு பதிகம் தனியாகப் பாடவேண்டும் என்று எண்ணிக்கொண்டேன்.

ஆனால் மின்னூல்களை விற்கும் இணையக் கடைகளுக்குள் நுழைந்த பிறகுதான் எனக்கு வாப்பாவின் நினைவு அடிக்கடி வரத் தொடங்கியது. அங்கே 'மாதிரி' என்று சில பக்கங்களை இலவசமாகக் காட்டுகிறார்கள். அவை எப்போதும் முதற்பக்கங்கள். அட்டை, காணிக்கை, வாழ்த்துரை, அணிந்துரை, பதிப்புரை. நூல் தொடங்குமுன் மாதிரி முடிந்துவிடும். மூட்டையின் வாயைக் கொஞ்சம் பிரித்து, மேலே கிடக்கும் மணிகளைக் காட்டிவிட்டுத் தைத்துவிடுவது போன்றது அது. அதை நம்பி நான் முதலில் வாங்கிய மின்னூலில் அணிந்துரை தெளிவான எழுத்தில் இருந்தது. பாடல்கள் தொடங்கியதும், பழைய அச்சுப் பிரதியைக் கைபேசியால் படமெடுத்து அப்படியே ஏற்றியிருந்தார்கள். பல பக்கங்களில் புத்தகத்தை அமுக்கிப் பிடித்த யாரோ ஒருவரின் பெருவிரல் கடைசி அடியை மறைத்துக்கொண்டு நின்றது. எழுத்தைப் பெரிதாக்கினால் அந்த விரலும் சேர்ந்து பெருத்தது. விலையோ அதே நூலின் அச்சுப் பிரதிக்குச் சமமாக இருந்தது.

இன்னொன்றில் எழுத்துகள் தெளிவு, அமைப்பில்தான் குழப்பம். அறுசீர் விருத்தத்தின் நான்கு அடிகளும் நான்கு வரிகளாக நின்றால்தான் ஓதுகிறவனின் மூச்சு எங்கே நிற்கவேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும். அந்த நூலில் ஒவ்வோர் அடியின் கடைசிச் சீரும் உடைந்து அடுத்த வரியில் தனியே விழுந்திருந்தது. தொழுகையின் வரிசை நிரம்பிய பிறகு வந்தவர் பின்னால் ஒற்றையாக நிற்பதைப் போன்ற காட்சி. ஆனால் அதைச் செய்தவர் அக்கறையில்லாதவர் அல்லர். ஒவ்வொரு பாடலையும் முதற்குறிப்பால் தேடிச் செல்ல வழி வைத்திருந்தார். ஐயமான இடங்களில் 'பிரதி சிதைந்துள்ளது' என்று குறித்திருந்தார். விலையும் ஒரு பிளேன்டீக்கு மேல் இல்லை. டெப்பைக் குறுக்காகத் திருப்பிப் பிடித்தால் அடிகள் சேர்ந்துகொண்டன. அந்தப் பெயர் தெரியாத மனிதருக்காக நான் துஆக் கேட்டேன்.

இப்படியாக எனக்கு ஒரு முறை உருவானது. வாங்குமுன் விற்பவருக்கு எழுதுவேன்: 'நூலின் நடுப்பகுதியிலிருந்து ஏதாவதொரு பக்கத்தை அனுப்ப இயலுமா?' சிலர் பதில் தருவதில்லை. அவர்களுடைய நூலை நான் வாங்குவதில்லை. தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் மூன்று பக்கங்களை அனுப்பி, அவற்றில் ஒன்றில் தாம் தவறவிட்ட குறையையும் தாமே சுட்டிக்காட்டியிருந்தார். அவர் கேட்ட விலையை ஒரு நிமிடமும் தயங்காமல் கொடுத்தேன். மீலாது மாதத்தில் வீடுகளில் கூடிப் புகழ்ப்பாக்கள் ஓதும் எங்கள் மஜ்லிஸ்காரர்கள் ஒரு கைபேசிக் குழு வைத்திருக்கிறார்கள். அவர்களில் யாராவது ஒரு மின்னூலைக் கண்டால் என்னிடம் கேட்பார்கள்: "ஹஸரத், இதுக்கு இவ்வளவு பெறுமா?" நான் மார்க்கம் கற்ற ஹஸரத்தும் அல்லன், ஒன்றும் அல்லன், தாடி வெளுத்ததால் வந்த பட்டம். இருந்தாலும் நடுப்பக்கம் பார்த்துப் பதில் சொல்வேன். 'பெறும்', 'பாதி பெறும்', 'இனாமாய்த் தந்தாலும் வேண்டாம்' என்ற மூன்றே தீர்ப்புகள். கடையின் இணையப் பக்கத்திலும் நட்சத்திரம் இட்டு இரண்டு வரி எழுதுவேன்.

அந்தத் தீர்ப்பு ஒருநாள் என் மச்சானின் வாசலுக்கே போகவேண்டி வந்தது.

மச்சான் என்றால் என் மனைவியின் மூத்த காக்கா, அதாவது அண்ணன். அவரும் என்னை மச்சான் என்றே அழைப்பார். மருதமுனையில் அவருடைய மனைவியின் வீட்டில் இருக்கிறார். இறக்காமத்தில் வயல். யானைக் காலங்களில் பயிருக்குக் காவலாக வாடிக் குடிசையில் தங்குவார். அங்கேயே பாடலும் பாடுவார். குரல் எனக்கு இல்லாதது. அவருக்கு அல்லாஹ் அள்ளிக் கொடுத்தது. எங்கள் கரையில் மஜ்லிஸ்களில் ஓதப்பட்டு வரும் பழம்பாடல்களை அவர் பல்லாண்டுகளாகத் திரட்டி, பாடபேதம் ஒப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் உரை எழுதினார். அச்சிடச் செலவு தாங்காது. ஆகவே தெரிந்தவர்களின் உதவியோடு மின்னூலாக்கி இணையக் கடையில் ஏற்றினார்.

விலை குறிக்கும் இடத்தில்தான் அவர் திகைத்திருக்கிறார். நம்மவர்கள் குர்ஆன் பிரதியையும் புகழ்ப்பா நூல்களையும் வாங்கும்போது 'விலை என்ன?' என்று கேட்பதில்லை, 'ஹதியா எவ்வளவு?' என்றே கேட்போம். ஹதியா என்றால் அன்பளிப்பு. புனிதமானவற்றுக்கு மனிதன் விலை வைக்கலாகாது. கொடுப்பவர் மனமுவந்து கொடுப்பதைப் பெற்றுக்கொள்ளலாம் என்ற பணிவு அந்த வழக்கத்தில் இருக்கிறது. கடையின் பக்கத்திலோ 'விலை' என்ற கட்டம் மட்டுமே இருந்தது. அதை வெறுமையாக விடவும் வழியில்லை. மச்சான் அந்தக் கட்டத்தில் இடக்கூடிய ஆகக் குறைந்த தொகையை இட்டு, நூற்குறிப்பில் 'ஹதியா: அவரவர் மனம்போல்' என்று எழுதிவிட்டார். மனம்போலக் கொடுக்க அந்தக் கடையில் இடமே இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

வாங்குவார் வரவில்லை. பெருவிரல் படங்களை விற்பவர்கள் தங்கள் சரக்குக்கு நல்ல விலை கேட்கும் சந்தையில், ஒரு பிளேன்டீக்கும் குறைவாகக் கிடக்கும் நூலை எவரும் பொருட்படுத்தவில்லை. எங்கள் குழுவிலேயே ஒருவர், அது யாருடையது என்று அறியாமல், 'இந்த விலைக்கு விக்கிறாங்கண்டா உள்ள ஒண்டும் இரிக்காது' என்று எழுதியிருந்தார்.

மச்சான் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"மச்சான், நீங்க எல்லார்ட புத்தகத்துக்கும் விலை சொல்றீங்க. என்டதுக்கும் சொல்லிருங்க."

"வாசிச்சிட்டுச் சொல்றன்."

"நல்லா வாசிங்க. வாசிச்சதக் கடையிலயும் எழுதுங்க. மீலாது மாசம் வாறதுக்குள்ள ஒருத்தரும் எடுக்கல்லயெண்டா நான் அத இறக்கிப்போடுவன். பழைய ஆக்கள்ட பாட்டக் கொண்டுபோய்ச் சந்தியில நிறுத்தி அவமானப்படுத்தினமாதிரி இரிக்கி."

அவர் குரலில் விளையாட்டு இல்லை. ஒரு மனிதர் தம் வாழ்நாளில் சேர்த்தது முழுவதும் அந்த நூலில் இருந்தது. இன்னொரு நூலை எழுத அவருக்கு இனி வயதில்லை. அது இறங்கிவிட்டால் அந்தப் பாடல்களோடு அவர் கண்ட பொருளும் இறங்கிவிடும். அந்த நூல் நிற்பதும் நீங்குவதும் நான் எழுதப்போகும் இரண்டு வரிகளைப் பொறுத்திருக்கிறது என்பதை உணர்ந்தபோது, எனக்கு உண்மையில் பயமாக இருந்தது.

மகளின் கையால் முறைப்படி காசு கொடுத்தே வாங்கினேன். பிஸ்மில்லாஹ் சொல்லி நடுவில் திறந்தேன்.

நூலின் நடுப்பகுதியில் ஞானப் பாடல்கள் இருந்தன. தன்னை அறிதல், நாயனை அறிதல் பற்றிய ஆழமான கண்ணிகள். அவற்றுக்கு மச்சான் எழுதியிருந்தது பதவுரை மட்டும். இந்தச் சொல்லுக்கு இந்தப் பொருள், அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருள், அவ்வளவே. பாடல் எதைச் சொல்கிறது, ஏன் சொல்கிறது என்று ஓரெழுத்தும் இல்லை. ஊதிப் பார்த்தால் பறந்துவிடக்கூடியதாக இருந்தது.

மனம் சோர்ந்து முன்பகுதிக்குப் போனேன். அங்கே வேறொரு மனிதர் எழுதியிருந்தார் என்றே சொல்லவேண்டும். நாயகம் (ஸல்) அவர்களை மதீனாவுக்குச் சுமந்துவந்த ஒட்டகம் எவரும் தட்டாமலே தான் நிற்கவேண்டிய இடத்தில் நின்றதைப் பாடும் ஒரு விருத்தத்துக்கு அவர் எழுதியிருந்த உரையை நான் மூன்று முறை வாசித்தேன். வாய்க்காலைத் திறந்துவிட்டவன் நீருக்கு வழி சொல்வதில்லை, கடைசி வயலின் தாழ்ந்த மூலையை அது தானே கண்டுகொள்ளும், தாழ்வு உள்ள இடம் நோக்கியே அருளும் வரும் என்று எழுதியிருந்தார். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வரம்பில் நின்ற ஒருவரால்தான் அதை எழுத முடியும். பாடல்களின் அடிகளிலும் அமைப்பிலும் ஒரு குறையும் இல்லை. எழுத்தை எவ்வளவு பெருக்கினாலும் சீர்கள் தம் வரியைவிட்டு விலகவில்லை.

அப்படியானால் நடுவில் என்ன நேர்ந்தது? அந்தப் பகுதியை எழுதிய காலத்தில் யானைகள் வயலுக்குள் வந்திருக்கும், மனம் ஓடாமல் அவசரத்தில் முடித்திருப்பார் என்று நானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டேன்.

என் முகத்தைப் பார்த்தே மனைவி விளங்கிக்கொண்டாள்.

"இஞ்ச பாருங்க, காக்காட புத்தகத்துக்கு அஞ்சு நட்சத்திரத்தையும் போட்டுட்டு வேலயப் பாருங்க."

"நடுவுல நல்லா இல்லயே."

"நடுவுல ஏன் போய்ப் பாத்தீங்க? எல்லாரும் முதல்ல இரிந்துதானே வாசிப்பாங்க."

"நல்லதெண்டு நான் எழுதினா, அத நம்பித்தான் ஒருத்தர் காசு குடுப்பாரு. அதுவும் ஒரு சாட்சிதான். பொய்ச்சாட்சி சொல்லச் சொல்றீங்களா?"

"அப்ப மூணு போடப்போறீங்க." அவள் அரிசி கொழிப்பதை நிறுத்தவில்லை. "போடுங்க. போட்டுட்டு இந்த வீட்டுல சோறு எப்படி இறங்குதெண்டு பாக்கிறன்."

பக்கத்து அறையில் மகள் சிரிக்கும் ஓசை கேட்டது. வீடு மகளுடையது, அவளுக்குக் கல்யாணச் சீதனமாக நாங்கள் எழுதிக் கொடுத்தது. ஆகையால் சோறு பற்றிய மிரட்டலில் அவ்வளவு வலுவில்லை என்று சொன்னேன். மனைவியும் சிரித்துவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எழுதுறதுக்கு முன்ன அவருக்கிட்ட நேர போய்ச் சொல்லுங்க. கடையில பாத்துத் தெரிஞ்சா மனம் உடைஞ்சிருவாரு" என்றாள். அந்த ஆலோசனையைவிடச் சிறந்த ஒன்றை எந்த நூலிலும் நான் கண்டிருக்கமுடியாது.

மறுநாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு முச்சக்கரவண்டியில் மருதமுனைக்குப் போனேன். மடியில் மனைவி இனிப்பாகச் செய்து கொடுத்துவிட்ட வட்டிலப்பப் பாத்திரம் சூடாக இருந்தது. மச்சான் முற்றத்து மாமர நிழலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். ஸலாம் சொல்லி முடிக்குமுன் பாத்திரத்தைக் கண்டுவிட்டார்.

"தங்கச்சி வட்டிலப்பம் அனுப்பியிரிக்கிறா எண்டா நீங்க ஏதோ கசப்பாக் கதைக்கப்போறீங்க."

"முதல்ல சாப்பிடுங்க."

"நீங்க முதல்ல கதைங்க. கசப்புக்குப் பொறகு சாப்பிட்டாத்தான் இதுட ருசி தெரியும்."

நான் முன்பகுதியைப் பற்றிச் சொன்னேன். ஒட்டகத்தையும் வாய்க்காலையும் சொன்னேன். அவர் தலைகுனிந்துகொண்டு கேட்டார். புகழ்ச்சியைக் கேட்கும்போது அவர் எப்போதும் காற்பெருவிரலால் மணலைக் கிளறுவார். சொல்லி முடித்ததும் நிமிர்ந்தார்.

"நீங்க முன்னால இரிந்து வாசிக்கிற ஆள் இல்லயே மச்சான். நடுவுல குத்திப் பாத்திரிப்பீங்க."

"ஓம்."

"என்ன வந்திச்சி?"

"பதர்."

சொன்ன பிறகே அந்தச் சொல்லின் கடுமை எனக்குத் தெரிந்தது. மச்சான் கோபப்படவில்லை. கரண்டியை எடுத்து வட்டிலப்பத்தில் ஒரு வாய் உண்டார். இன்னொரு வாயும் உண்டார்.

"அது பதர் இல்ல மச்சான். நான் வேணுமெண்டு வெறுமையா விட்ட இடம்."

"யானைக் காலத்துல அவசரமா எழுதினீங்களாக்குமெண்டு நினைச்சன்."

"யானைய ஏன் இழுக்கிறீங்க? அது பாவம், நெல்லுக்குத்தான் வரும், பாட்டுக்கு வராது." சிரித்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார். "அந்த ஞானப் பாட்டுகளுக்கு எனக்கு விளக்கம் தந்த பெரியவர் ஒரு சதமும் வாங்கல்ல. முன்னுக்கு இரித்தி, முகத்தப் பாத்து, கேக்கிறவர் தாங்குவாரா எண்டு அளந்து சொல்லித் தந்தாரு. 'இத நீயும் இப்பிடித்தான் குடுக்கணும், எதையும் வாங்கிக்கிட்டுக் குடுக்காத' எண்டாரு. அத எழுதி, பக்கத்துல ஒரு தொகையப் போட்டு, நான் எப்பிடி விக்கிறது? பாட்ட விட ஏலா. தொகுதி முழுமையா இரிக்கணும். அதான் சொல்லுக்குச் சொல் பொருள மட்டும் எழுதி விட்டன்."

நான் குத்தூசியில் வந்ததைச் சரியாகத்தான் பார்த்திருந்தேன். அதன் காரணத்தைத்தான் முற்றிலும் தவறாக ஊகித்திருந்தேன்.

"இத நீங்க புத்தகத்துல சொல்லியிரிக்கலாமே."

"சொன்னா, பெரிய ரகசியம் வச்சிரிக்கிற ஆள்மாதிரித் தோணும். பெருமையாயிரும்."

"சொல்லாட்டி, ஏமாத்தினமாதிரித் தோணும். வாங்குறவருக்கு உங்கட மனம் தெரியுமா? நானே பதரெண்டு சொன்னனே. நல்ல எண்ணத்துல மறைச்சாலும், விக்கிற பொருள்ட குறை குறைதான். அத மேலே எடுத்துவச்சிச் சொல்லித்தான் விக்கணும்."

ஈரத் தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்து விற்பது பற்றி மார்க்கம் விடுத்த எச்சரிக்கை எங்கள் இருவருக்கும் தெரியும். நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் அதை நினைத்துக்கொண்டார் என்பதை, கரண்டி அந்தரத்தில் நின்றதிலிருந்து அறிந்தேன்.

"அது சரி மச்சான்," என்றார். "அது சரிதான். இப்ப உங்களுக்குக் காசத் திருப்பித் தரவா?"

"நீங்க போட்ட விலைக்கு என்னத்தத் திருப்புவீங்க? அதுதான் அடுத்ததா நான் கதைக்க வந்த விசயம்."

விலையைப் பற்றிய பேச்சு அந்தி மஃரிப் பாங்கு வரை நீண்டது. 'விலை' என்று சொல்லவே அவருக்கு வாய் கூசியது. நம் முன்னோரும் புத்தக அட்டையில் ஹதியா என்ற சொல்லை இட்டு, அதன் அருகே தொகையையும் அச்சிட்டுத்தானே வந்தார்கள் என்றேன். சொல் பணிவுக்கு, தொகை வாங்குபவரின் கூச்சத்தைத் தீர்ப்பதற்கு. முகம் அறிந்த இடத்தில் ஒருவர் குறைத்துக் கேட்டால் அது அடக்கம் என்று தெரியும். முகம் தெரியாத கடையில் அதே தொகை சரக்கின் மீது சந்தேகத்தை எழுப்பும். எங்கள் குழுவில் ஒருவர் எழுதியதையும் சொல்லிவிட்டேன்.

"அப்ப நீங்களே ஒரு தொகை சொல்லுங்க. தாளும் இல்ல, மையும் இல்ல. எதுக்கு எண்டு காசு கேக்கிறது?"

இந்தக் கேள்வியை நான் பல நாளாக எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். தாளுக்காக நாம் எப்போதாவது காசு கொடுத்தோமா? ஒருவர் ஓரடியை நான்கு பிரதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்த கண்ணுக்கும், சீர் உடையாமல் வரியை நிறுத்திய பொறுமைக்கும் கொடுத்தோம். தாள் போனதால் அந்தப் பகுதி குறையட்டும், உழைப்பு குறையவில்லை. குறை எல்லாவற்றையும் அறிந்த பிறகும் மனம் கூசாமல் எடுத்துக் கொடுக்கக்கூடிய தொகை எதுவோ அதுவே நியாயமானது என்று நான் கருதியிருந்தேன். அதை அவரிடம் சொன்னேன்.

"எல்லாத்தையும் தெரிஞ்ச ஆள் இப்ப நீங்க ஒருத்தர்தான். நீங்க எவ்வளவு குடுப்பீங்க?"

யோசித்தேன். "நல்ல பாரை மீன் ஒரு கிலோ வாங்குற காசு."

"மீன் விலையா? அது காலயில ஒண்டு, பின்னேரம் ஒண்டு."

"பின்னேர விலையே போதும்."

அவர் உரக்கச் சிரித்தார். உள்ளேயிருந்து மச்சானின் மனைவி மச்சி எட்டிப் பார்த்து, "புத்தகக் கதையெண்டு இரிந்தீங்க, மீன் எப்ப வந்திச்சி?" என்று கேட்டார். மீன் வரவில்லை, மீன்விலைதான் வந்திருக்கிறது என்று மச்சான் பதில் சொன்னார்.

தொழுதுவிட்டு வந்து நூற்குறிப்பைப் புதிதாக எழுதினோம். அவர் சொல்ல நான் எழுதினேன். நான் நீட்டியதை அவர் குறைத்தார். ஞானப் பாடல்களுக்கு இதில் பதவுரை மாத்திரமே உண்டு. அவற்றின் விளக்கம் வாய்மொழியாகவே வழங்கப்படுவது. வேண்டுவோர் எழுதிக் கேட்டால் நேரம் குறித்துச் சொல்லித் தரப்படும். அதற்கு ஹதியா எதுவுமில்லை. இதையே முதல் வாக்கியமாக வைத்தோம். ஞானப் பகுதியிலிருந்து ஒரு பக்கத்தையும், ஒட்டகத்தின் விருத்தம் உள்ள பக்கத்தையும் எவரும் வாங்காமலே பார்க்கும்படி சேர்த்தோம். மகள் கல்முனையிலிருந்தே தொலைபேசியில் கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் ஏற்றினாள். முடிந்தது என்று அவள் சொன்னபோது மச்சான் தடுத்தார்.

"மகள், கடைசியில இன்னும் ஒரு வரி போடுங்க. 'பொருந்திக்கொள்ளுங்கள்.' காசு வாங்குற பட்டன அமத்தினா அதோட முடிஞ்சிருது. பொருத்தமா எண்டு கேக்க அங்க ஒருத்தரும் இல்ல."

என் வாப்பா அந்த முற்றத்தில் நின்று கேட்டது போலிருந்தது எனக்கு.

வீடு திரும்பி நானும் என் வரிகளை எழுதினேன். முன்பகுதியின் உரை இக்கரையின் மண்ணில் விளைந்தது என்றும், நடுப்பகுதியில் விளக்கம் இல்லை, அதற்கான காரணத்தை ஆசிரியரே நேர்மையாகச் சொல்லியிருக்கிறார் என்றும், கேட்கும் தொகை பெறும் என்றும் எழுதி, நான்கு நட்சத்திரங்களை இட்டேன். ஆசிரியர் எனக்கு மச்சான் முறை என்பதையும் மறைக்காமல் குறித்தேன். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணிப் பார்த்தாள்.

"ஒண்டு எங்க?"

"அது காக்காவே குறைச்சது."

அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குசினிக்குப் போனாள். அன்று சோறும் வழமைபோலவே இறங்கியது.

மீலாது மாதம் நெருங்கியபோது நூல் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறத் தொடங்கியது. 'உள்ள ஒண்டும் இரிக்காது' என்று எழுதிய அதே நண்பர் வாங்கிவிட்டு, ஒட்டகத்தின் உரையைக் குழுவில் குரலாகவே வாசித்து அனுப்பினார். கத்தாரில் வாகனம் ஓட்டும் புத்தளத்துக்காரர் ஒருவர் ஞானப் பாடல் ஒன்றின் விளக்கம் கேட்டு எழுதினார். மச்சான் அவருக்கு நேரம் குறித்துக் கொடுத்தார். அன்று பின்னேரம் நானும் தற்செயலாக மருதமுனையில் இருந்தேன். கைபேசியை வட்டிலப்பப் பாத்திரத்தில் சாய்த்து நிறுத்தி, அந்த மனிதரின் முகத்தை உற்றுப் பார்த்துப் பார்த்து, அளந்து அளந்து மச்சான் பேசினார். இடையில் பாடியும் காட்டினார். அந்தப் பக்கத்தில் அந்த மனிதர் நிறுத்திவைத்த வாகனத்துக்குள் இருந்தபடி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த விளக்கத்தை நானும் அன்றுதான் முழுமையாகக் கேட்டேன். அதை இங்கே எழுதமாட்டேன்; எழுதக்கூடாது என்பதற்காகத்தானே இத்தனையும் நடந்தது.

சில நாள் கழித்து மச்சான் தொலைபேசி எடுத்தார். நான் லுஹர் தொழுகைக்காகக் கைகால் கழுவி உளூச் செய்துகொண்டிருந்தேன். ஈரக்கையால் வாங்கிக் காதில் வைத்தேன்.

"மச்சான், கத்தார்க்காரர் கடையில எழுதியிரிக்காரு."

"என்னெண்டு?"

"'பொருந்திக்கொண்டேன்.' அவ்வளவுதான்."

தெருவில் மீன்காரரின் மணியோசை கடந்துபோனது.

"எத்தின நட்சத்திரம் போட்டிரிக்காரு?" என்று கேட்டேன்.

"அத நான் பாக்கல்ல மச்சான்."